பத்திராதிபர் பாரதியாரும் கானாடுகாத்தானும்

செட்டிநாட்டிலே கானாடுகாத்தான் என்னும் ஊரைக் கேள்விப்படாதார் சிலரே. பர்மாத் தேக்கினாலாகிய தூண்களும், பளிங்குபோல் மின்னும் சுதைச் சுவர்களும், ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் மாளிகைகளும் அவ்வூரின் பெருமையாக எடுத்துக் கூறப்படுகின்றன. ஆயினும், அவ்வூரை நினைக்குந்தோறும் நம் உள்ளத்தில் முற்பட்டு நிற்பது அம்மாளிகைகளின் செல்வமன்று; 1919ஆம் ஆண்டில் கைப்பொருளின்றி அங்கு விருந்தினராக வந்த ஒரு பத்திராதிபரின் உருவமேயாகும். அவர்தாம் சுப்பிரமணிய பாரதியார். கவிஞர் என்ற முறையில் அவரைப் போற்றாதார் இலர். ஆனால், ஆதாயங் கருதாது சமூகத்தின் நன்மை யொன்றனையே நாடிப் பத்திரிகை நடத்த முயன்று அலைந்தவர் என்ற முறையில் அவரது சரித்திரத்தை நம் மாணவர்கள் அத்துணை அறியார். ஆதலின் அதனையே ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுந்தோம்.

பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். அவருடைய தந்தையார் நிறுவிய பஞ்சாலை நொடித்துப் போகவே, வறுமை இளமையிலேயே அவருக்கு அறிமுகமாயிற்று. காசியிற் சில ஆண்டுகள் கற்றுத் திரும்பிய பின், 1904ஆம் ஆண்டில் மதுரைச் சேதுபதி உயர்தரப் பாடசாலையில் சில மாதங்கள் தமிழாசிரியராயிருந்தார். அவ்வாண்டின் இறுதியில், சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் அவரைச் சென்னைக்கு அழைத்துத் தம் பத்திரிகையில் உதவியாசிரியராக அமர்த்திக்கொண்டார். ஐயர் அவர்களோ, இளமையிற் கணவனை யிழந்த தம் மகளுக்கு 1889ஆம் ஆண்டிலேயே மறுமணஞ் செய்வித்து, ஊராரின் பகைமையைப் பொறுத்தவர். பிறருக்கு எழுதுவதைத் தன் வீட்டிற் செய்து காட்டுவதே பத்திராதிபர் கடமை என்னும் பாடத்தைப் பாரதியார் கற்பதற்கு இதனினும் சிறந்த பள்ளி வேறு கிடைத்திராது.

1905ஆம் ஆண்டில் மாதர்களின் முன்னேற்றத்திற்கென்றே வெளிவந்த சக்கரவர்த்தினி என்னும் மாதப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பையும் அவர் ஏற்றார். அடுத்த ஆண்டில், மண்டயம் திருமலாசாரியாரின் பொருளுதவியால் இந்தியா என்னும் வாரப் பத்திரிகை தோன்றியது. கேலிச் சித்திரத்தைத் தமிழ்ப் பத்திரிகையில் அரசியற் கருவியாக ஆண்ட பெருமை அதற்கே உரியது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்றனையும் தன் கொள்கையாக அது முகப்பில் தாங்கி நின்றது.

அப்பத்திரிகையின் சந்தா விதி நாம் சிறப்பாகக் கவனிக்கத் தக்கது. எல்லோருக்கும் ஒரே விலை என்பது அங்கில்லை. அரசாங்கத்தார்க்கு 50 ரூபாயும், ராஜாக்கள், ஜமீன்தார்கள் முதலியோர்க்கு 30 ரூபாயும், சாமானிய ஜனங்களுக்கு 3 ரூபாயும் விதிக்கப்பட்டிருந்தன. இதனை வேடிக்கையென்று கொள்வாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. உள்ளவன் மிகுதியாகக் கொடுக்கவும், இல்லாதவன் இயன்றதைக் கொடுக்கவும், இருவரும் ஒரே தாளை ஒரே உரிமையோடு படிக்கவும் செய்தலே சமத்துவத்தைப் பேசும் பத்திரிகைக்குப் பொருத்தமான வரவு வழியாகும். மிகுதியாகக் கொடுத்தவனுக்கு ஒரு வரியையேனும் மாற்றும் அதிகாரம் அதனால் வந்துவிடாது.

1908ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் சினம் இந்தியாவின்மேற் பாய்ந்தது. ஆசிரியராகச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டிருந்த எம். சீனிவாசன் என்பவர் இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பெற்று ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை யடைந்தார். பாரதியாரோ நண்பர்கள் வற்புறுத்தப் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்குச் சென்றார். ஒருவருடைய எழுத்திற்காக மற்றொருவர் சிறை புகுந்த இச்செய்தியை நாம் மறைத்தல் ஆகாது. சுதந்திரமான பத்திரிகையின் விலை சந்தாத் தொகையோடு முடிவதில்லை என்பதற்கு அது சான்றாகும். அங்கிருந்து இந்தியா மீண்டும் வெளிவந்தது. ஆனால் பிரிட்டிஷ் எல்லைக்குள் அது நுழையக் கூடாதென்று தடை விதிக்கப்படவே, படிப்பாரும் சந்தாவும் ஒருங்கே அற்று, 1910ஆம் ஆண்டில் அது நின்றது. அச்சுக்கூடத்தைத் தொடாமலே தபாற் பையை மூடிப் பத்திரிகையைக் கொல்லலாம் என்பதை அரசாங்கம் அறிந்திருந்தது.

பத்திரிகை நின்ற பின்னும் கொள்கை நிற்கவில்லை. 1913ஆம் ஆண்டில், தாழ்த்தப்பட்ட வகுப்பிற் பிறந்த கனகலிங்கம் என்னும் இளைஞருக்குப் பாரதியார் தம் கையாலேயே பூணூல் அணிவித்தார். 1918ஆம் ஆண்டு நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய அவர் கடலூரருகே கைது செய்யப்பட்டு, சில வாரங்களுக்குப் பின் நிபந்தனைகளோடு விடுதலையாகி, மனைவியாரின் ஊராகிய கடையத்திற் குடியேறினார்.

அங்கே ஒடுங்கியிருந்த காலத்திலேதான் கானாடுகாத்தானிலிருந்து அழைப்பு வந்தது. தனவணிகர் குலத்தினரும் தமிழன்பருமாகிய வை. சு. சண்முகம் செட்டியார் அவரைத் தம் இல்லத்திற்கு வரவழைத்து உபசரித்தார். அரசாங்கத்தின் கண்காணிப்பிலுள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் போற்றுதல், கடல் கடந்து வாணிகம் புரியும் குடும்பத்தார்க்கு அக்காலத்தில் எளிய காரியமன்று. பாரதியாரும் அவ்வன்பைப் பாட்டால் வாழ்த்தினார். அப்பயணத்திலேயே, நவம்பர் மாதத்தில், காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்திற்கும் அவர் எழுந்தருளினார். கையிற் கோலேந்தி அவர் நிற்கும் புகைப்படம் அக்காலத்துக் காரைக்குடியில் எடுக்கப்பட்டதேயாம்.

அவர் விதைத்த எண்ணம் அந்நாட்டில் வீண்போகவில்லை. 1920ஆம் ஆண்டில் காரைக்குடியில் தனவைசிய ஊழியன் தோன்றிற்று. சில ஆண்டுகளிற் சொ. முருகப்பாவின் குமரன் தொடர்ந்தது. தம் குலத்தாரின் குறைகளைத் தம் குலத்தாருக்கே எடுத்துரைக்கும் துணிவை அவை காட்டின.

பாரதியாரோ 1920ஆம் ஆண்டில் தம் எழுத்துக்களை 40 நூல்களாக வெளியிடத் திட்டமிட்டார். அச்சுக்கு 20,000 ரூபாயும் விளம்பரத்திற்கு 10,000 ரூபாயும் வேண்டுமெனக் கணக்கிட்டு, அன்பர்களுக்குக் கடிதங்கள் விடுத்தார். அவர் கேட்டது பிச்சையன்று. வட்டியோடு திருப்பித் தரும் கடனே. தொகை சேரவில்லை. மீண்டும் சுதேசமித்திரனில் அமர்ந்து, அமிர்தம் என்னும் பத்திரிகையை நடத்தவும் எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் நிறைவேறுமுன், 1921ஆம் ஆண்டு செப்டம்பரில், 39 வயது நிரம்பாமலே உயிர் நீத்தார்.

பின்னர் நிகழ்ந்ததை யாவரும் அறிவர். 1949ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசாங்கமே அவருடைய எழுத்துக்களின் உரிமையைப் பெற முன்வந்தது. பிறகு அவை மக்கள் அனைவர்க்கும் பொதுவுடைமையாயின. உயிரோடிருந்தபோது 30,000 ரூபாய் திரட்ட மாட்டாத தமிழகம், இறந்த பின் அவருக்கு மணிமண்டபங்கள் எழுப்பியது.

மாணவ நண்பர்களே! இன்றும் ஆதாயங் கருதாது, ஏழைகளின் குறையையும், ஆறும் குளமும் காடும் அழிவதையும் எடுத்துக் கூறும் சிறு பத்திரிகைகள் ஆங்காங்கே உள்ளன. அவற்றை நடத்துவோரை அவர்கள் மறைந்த பின் புகழ்வதற்கு நாம் காத்திருத்தல் வேண்டா. கானாடுகாத்தானில் ஒருவர் தம் வாயிற்கதவைத் திறந்துவிட்டார். நம்மிற் கதவில்லாதாரும் ஆண்டுச் சந்தாவையேனும் காலத்திற் செலுத்தலாம். அந்த மூன்று ரூபாய்க்காரரை நம்பியே பாரதியார் பத்திரிகை நடத்தினார்.