துப்பாக்கி ஏந்தியவரின் பொறுப்பு: சாமுவேல் பேக்கரின் வாழ்க்கை

கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் இன்று செல்வோருக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலையே தெரிகின்றது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இம்மலைகள் யானைகள் உலாவிய அடர்காடுகளாக இருந்தன. 1820 களில் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்ஹபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டமொன்றை ஆரம்பித்ததைத் தொடர்ந்து காடுகள் வெட்டப்படலாயின. வெட்டியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள். கோடரியைத் தொடர்ந்து துப்பாக்கியும் வந்தது. அத்துப்பாக்கியை ஏந்தியவர்களுள் உலகப் புகழ் பெற்றவர் சேர் சாமுவேல் வைட் பேக்கர். அவருடைய வாழ்க்கையை நாம் இன்று நினைவுகூர்வது அவரைப் போற்றுவதற்காக அன்று. அதிலே நமக்கு இன்றும் பயன்படும் பாடமொன்று இருப்பதனாலேயே ஆகும்.

பேக்கர் 1821 ஜூன் 8 ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். மொரீசியஸ் தீவிலும் ஜமைக்காவிலும் சீனித் தோட்டங்களைக் கொண்டிருந்த செல்வந்தக் குடும்பம் அவருடையது. 1843 இல் திருமணம் செய்துகொண்டு மொரீசியஸுக்குச் சென்ற அவருக்குத் தோட்ட வாழ்க்கை சலித்துவிட்டது. வேட்டையை நாடி 1846 இல் இலங்கைக்கு வந்தார். தாழ்நிலக் காடுகளில் கடுங்காய்ச்சல் பிடித்து நலிந்த அவரை நுவரெலியாவின் குளிர்ந்த காற்று இரண்டு வாரங்களில் தேற்றியது. அந்த மண்ணிலேயே ஆங்கிலேயக் குடியேற்றமொன்றை அமைக்க வேண்டுமென்ற எண்ணமும் அவருக்கு அப்போதே பிறந்தது. 1848 இல் குடும்பத்தினர், கைவினைஞர்கள், கால்நடைகள், வேட்டை நாய்கள் ஆகியவற்றுடன் வந்து அங்கு குடியேறினார். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அந்த உயரத்தில் மண் வளம் குறைவாக இருந்தது. பயிர்களை மரையும் பன்றியும் அழித்தன. ஆயினும் 1855 வரை அவர் அங்கேயே வாழ்ந்தார். ஹோட்டன் சமவெளியிலுள்ள பேக்கர் நீர்வீழ்ச்சி அவருடைய பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது.

யானைகளைக் கொல்வது அக்காலத்தில் குற்றமாகக் கருதப்படவில்லை. மாறாக, கொன்றவருக்கு அரசாங்கமே சன்மானம் வழங்கியது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848 க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 3,500 யானைகளும், தென் மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை ஏறத்தாழ 2,000 யானைகளும் சன்மானத்துக்காகக் கொல்லப்பட்டதாக, அக்காலத்தில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் பதிவு செய்துள்ளார். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் தனியொருவராக 1,400 யானைகளைச் சுட்டார் எனச் சொல்லப்படுகின்றது. அவர் 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டதைத் தெய்வ தண்டனை என்று மக்கள் இன்றும் பேசிக்கொள்வர்.

இத்தகைய காலத்தில் வேட்டையாடிய பேக்கர், ஆயுதத்தைத் தெரிவு செய்வதைப் பெரும் பொறுப்பாகக் கருதினார். ஒரு இறாத்தல் ஈயத்திலிருந்து எத்தனை குண்டுகளை வார்க்கலாம் என்பதைக் கொண்டே அந்நாளைய துப்பாக்கிகளின் பருமன் குறிக்கப்பட்டது. நான்காம் எண் துப்பாக்கியின் குண்டு நான்கு அவுன்ஸ், அதாவது 113 கிராம் நிறையுடையது. பத்தாம் எண்ணின் குண்டு 45 கிராம். இருபத்துநான்காம் எண்ணின் குண்டு 19 கிராம் மாத்திரமே. பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் என்பவர் 1840 இல் பேக்கருக்காகச் செய்துகொடுத்த துப்பாக்கி 21 இறாத்தல் நிறையுடையது. அதற்கு ஒரு தடவைக்கு ஒரு அவுன்ஸ் வெடிமருந்து இடவேண்டும். கரிமருந்து எரியும் ஆற்றலுக்கு எல்லை இருந்தபடியால், அடியின் வலிமையைக் கூட்டுவதற்குக் குண்டின் நிறையைக் கூட்டுவதே அன்றைய வழியாக இருந்தது. குண்டின் நிறை கூடினால் பின்னுதைப்பும் கூடும்; அதைத் தாங்குவதற்குத் துப்பாக்கியும் கனமாக இருந்தாக வேண்டும்.

ஆனால், முட்காட்டில் மணிக்கணக்காக ஊர்ந்து செல்பவர் 21 இறாத்தல் இரும்பைத் தூக்கிச் சென்று உரிய கணத்தில் நடுக்கமின்றிக் குறிவைத்தல் எளிதன்று. எனவே இலங்கையில் அவர் பெரிதும் நம்பியிருந்தவை ஏறத்தாழ 15 இறாத்தல் நிறையுடைய, இரட்டைக் குழல் கொண்ட பத்தாம் எண் துப்பாக்கிகளே. வாய்வழியாக மருந்திட்டு இடிக்கும் அத்துப்பாக்கிகளை மீண்டும் நிரப்ப நேரமெடுக்கும் என்பதனால் நிரப்பிய துப்பாக்கிகளைச் சுமந்துகொண்டு உள்ளூர்வாசிகள் அவருக்குப் பின்னால் நின்றனர். யானை பாய்ந்து வரும்போது அவர்கள் ஓடாமல் நின்று அடுத்த துப்பாக்கியை நீட்டியதனாலேயே வேட்டைக்காரர் உயிர் பிழைத்தார். வெள்ளையரின் பெயர் நூல்களில் நிலைத்தது. இவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எங்கும் இல்லை. துப்பாக்கியே இல்லாமல் தோற்கயிற்றைக் கொண்டு யானையின் காலைப் பிணைத்த முஸ்லிம் பணிக்கர்களின் துணிவையும் திறமையையும் ஐரோப்பியர்கள் வியந்து எழுதினர். ஏறாவூர்ப் பணிக்கர்களின் புகழ் நமது வாசகர்கள் அறிந்ததே.

இலங்கை யானையின் நெற்றியில் அண்மையிலிருந்து சுட்டால் குண்டு மூளையை அடையும் என்பதைப் பேக்கர் இங்கே கண்டறிந்தார். பின்னர் ஆப்பிரிக்கா சென்றபோது அந்த அனுபவம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஆப்பிரிக்க யானையின் மண்டையோட்டு அமைப்பு வேறுபட்டது; நெற்றிக்கு விட்ட குண்டுகள் மூளையை எட்டவில்லை. தோள்பட்டைக்குப் பின்னால் இதயத்தையும் நுரையீரலையும் நோக்கிச் சுடவேண்டியதாயிற்று. அதற்கென அவர் கொண்டுசென்ற துப்பாக்கி அரை இறாத்தல் வெடிகுண்டை எய்வது. பீரங்கியின் குழந்தை என்று அரபு மொழியில் பெயர் பெற்ற அதன் உதைப்புக்கு அவரே அஞ்சினார். அதை அவர் மிக அரிதாகவே பயன்படுத்தினார். அன்றாடம் அவர் விரும்பிக் கையிலெடுத்தது பிளெச்சர் என்பவர் செய்த, இரட்டைக் குழல் கொண்ட இருபத்துநான்காம் எண் சிறு துப்பாக்கியையே ஆகும்.

வயது முதிர்ந்தபின் 1890 இல் வெளியிட்ட நூலில் தமது அனுபவத்தின் முடிபுகளை அவர் தொகுத்துரைத்தார். பன்னிரண்டு இறாத்தல் நிறையுடைய .577 துப்பாக்கி பெரும்பாலான கொடிய விலங்குகளுக்குப் போதும் என்பது அவரது கருத்து. புலிக்கு மென்மையான ஈயத்தாலான திண்மக் குண்டு வேண்டும். அது விரிந்து உடலுக்குள்ளேயே நின்று தன் வலு முழுவதையும் செலுத்தும். யானைக்கோ எலும்பைத் துளைக்கும் கடினக் குண்டு வேண்டும். உட்குழிவான இலகு குண்டுகள் தோலுக்கடியிலேயே சிதறிக் காயத்தை மட்டும் ஏற்படுத்தும் என்பதால் கொடிய விலங்குகளுக்கு அவற்றை அவர் ஏற்கவில்லை. காயமுற்ற விலங்கின் வேதனையும், அதே பாதையில் அடுத்து வருபவருக்கு நேரும் ஆபத்தும் குறி தவறச் சுட்டவரின் பொறுப்பேயாகும்.

புகையற்ற வெடிமருந்து வந்தபின், மெல்லிய குண்டும் வேகத்தால் ஆழமாகத் துளைக்கும் நிலை ஏற்பட்டது. வோல்டர் பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 7 மில்லிமீற்றர் அளவுடைய இலகுவான துப்பாக்கியைக் கொண்டே ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கின்றதெனக் கற்றுக்கொண்ட பின்னரே அவரால் அது முடிந்தது. அந்த அறிவும் நிதானமும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதனாலேயே ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் கொடிய விலங்குகளைச் சுடுவதற்கு .375 க்குக் குறைந்த அளவுடைய துப்பாக்கிகள் சட்டத்தால் தடுக்கப்பட்டன.

பேக்கரின் எஞ்சிய வாழ்க்கை ஆப்பிரிக்காவோடு பிணைந்தது. முதல் மனைவி 1855 இல் காலமானார். 1859 இல் டனியூப் நதிக்கரையிலுள்ள விடின் நகரின் அடிமைச் சந்தையிலிருந்து மீட்ட புளோரன்ஸ் என்ற இளம்பெண் அவருடைய வாழ்க்கைத் துணைவியானார். இருவரும் 1864 மார்ச்சில் அல்பேர்ட் ஏரியைக் கண்டனர். 1869 முதல் 1873 வரை எகிப்தின் ஆட்சியாளர் கெதீவ் இஸ்மாயிலின் நியமனத்தின் பேரில் நைல் நதியின் மேற்பகுதியில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் பணியில் ஈடுபட்டார். 1893 டிசம்பர் 30 ஆம் திகதி இங்கிலாந்தில் காலமானார். அடிமைத்தனத்தை எதிர்த்த அதே மனிதர், நம் நாட்டு மக்களையும் ஆப்பிரிக்க மக்களையும் பற்றி ஏளனமாக எழுதினார் என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. பொழுதுபோக்குக்காக அவர் எடுத்த உயிர்களுக்கு எந்த நியாயமும் இல்லை.

1344 இல் பாவாத மலைக்கு யாத்திரை வந்த இப்னு பதூதா கதையொன்றைப் பதிவு செய்துள்ளார். ஷெய்க் அபூ அப்துல்லாஹ்வுடன் அம்மலைக்குச் சென்றவர்கள் பசி தாளாமல், அவர் தடுத்தும் கேளாது யானைக் கன்றொன்றைக் கொன்று தின்றனர். இரவில் வந்த யானைகள் ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்துத் தின்றவர்களைக் கொன்றன. தின்னாத ஷெய்க்கைத் தூக்கிச் சென்று ஊரருகே விட்டன. யானைக்கு இழைத்த தீங்கு திரும்பி வரும் என்று இத்தீவின் மக்கள் பண்டுதொட்டே கருதினர் போலும்.

அக்கருத்தை நாம் மறந்துவிட்டோமா? நுவரெலியா மேட்டுநிலத்தில் யானைகள் அற்றுப்போய்விட்டன. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலும் இருந்தவை 5,879. 2023 இல் மாத்திரம் 400 க்கும் மேற்பட்ட யானைகளும் 150 க்கும் மேற்பட்ட மனிதர்களும் மாண்டனர். பல யானைகளை மாய்ப்பது பன்றிக்கென வைக்கப்படும் வெடியும் கட்டுத்துவக்கும் ஆகும். உணவுக்குள் மறைத்த வெடி வாயைச் சிதைக்க, உண்ணவோ நீரருந்தவோ முடியாமல் நாட்கணக்கில் துடித்து யானை இறக்கின்றது. கட்டுத்துவக்கோ எவர் வருகின்றார் என்று பாராது. விறகுக்குச் சென்ற ஏழையும் அதற்கு இரையாவதுண்டு.

பயிரை இழக்கும் விவசாயியின் துயரத்தை நாம் உணர்கின்றோம். அவருக்கு உறுதியான மின்வேலியையும் தாமதமற்ற நட்டஈட்டையும் வழங்குவது அரசின் கடமையாகும். ஆனால், கொல்லப் போதாத, காயப்படுத்த மட்டுமே போதுமான ஆயுதத்தைக் காட்டில் வைத்துவிட்டு வீட்டில் உறங்குவதை எந்தத் துயரமும் நியாயப்படுத்தாது. யானைகளைக் கொன்று குவித்த வேட்டைக்காரரே தமது வெடி எங்கே போய்ச் சேர்கின்றது என்பதற்குத் தாமே பொறுப்பு என்று கருதினார். அந்தக் குறைந்தபட்சப் பொறுப்புணர்வாவது நம்மிடம் இருக்க வேண்டாமா?