கர்ணனுக்கு அள்ளிக் கொடுத்த இயக்குநர்: பழைய படத்தின் தரம் சொல்லும் பி.ஆர்.பந்துலுவின் வாழ்க்கை

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் சேலைக்கும் மல்லிகைச் சரத்துக்கும் வருபவர்கள், கையோடு ஒரு பழைய படத்தையும் வாங்கிப் போன காலம் உண்டு. வீடியோ கேசட்டு போய் விசிடி வந்தது. விசிடி போய் டிவிடி வந்தது. பிறகு எச்.டி. தரத்தில் புளூ-ரே வந்தது. ஒவ்வொரு முறையும் உறையின்மேல் இருந்த வாக்குறுதி ஒன்றுதான்: படம் முன்பைவிடத் தெளிவு.

வீட்டில் போட்டுப் பார்த்தவர்களின் தீர்ப்பு அப்படி ஒன்றாக இருந்ததில்லை. திரையெங்கும் பொடிப்பொடியாகத் தெரிகிறது என்பார் ஒருவர். முகமெல்லாம் மெழுகு பூசியதுபோல் இருக்கிறது என்பார் இன்னொருவர். தலைப்பாகை பாதியில் வெட்டுப்படுகிறது என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் தரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால், அந்தப் படம் முதலில் எப்படி எடுக்கப்பட்டது என்பது தெரிய வேண்டும்.

புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்கிற்குத் திரும்பிய தமிழ்ப் படங்கள் என்றால் மூன்று பெயர்கள் தவறாமல் வரும்: கர்ணன், ஆயிரத்தில் ஒருவன், வீரபாண்டிய கட்டபொம்மன். மூன்றையும் தயாரித்து இயக்கியவர் ஒருவரே. அவர்தான் பி.ஆர்.பந்துலு.

கோலாரிலிருந்து சென்னைக்கு

பந்துலு 1910ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி, இன்றைய கர்நாடகத்தின் கோலார் வட்டாரத்தில் பிறந்தார். ஆசிரியராக வேலை பார்த்தவரை நாடக மேடை இழுத்துக்கொண்டது. 1936இல் வெளிவந்த சம்சார நௌகா என்ற கன்னடப் படம் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. தமிழில் ஏவிஎம் தயாரித்த நாம் இருவர் (1947) உள்ளிட்ட படங்களில் நடித்தார்.

நடிகராகவே நின்றிருந்தால் அவரது பெயர் இவ்வளவு தூரம் வந்திருக்காது. 1950களில் பத்மினி பிக்சர்ஸ் என்ற பெயரில் சொந்தமாகப் படம் எடுக்கத் தொடங்கினார். 1954இல் வந்த கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி படத்தில் சிவாஜி கணேசன் நடித்தார். அடுத்த பத்தாண்டுகளுக்கு இருவரின் பெயரும் சேர்ந்தே பேசப்பட்டது. 1957இல் தங்கமலை ரகசியம் மூலம் பந்துலு தமிழில் இயக்குநரும் ஆனார். மறு ஆண்டு சபாஷ் மீனா வந்தது. 1962இல் வந்த பலே பாண்டியாவை இரண்டு வாரத்திற்குள் எடுத்து முடித்தார் என்பது திரையுலகில் இன்றும் சொல்லப்படும் செய்தி. சிக்கனமாகவும் விரைவாகவும் படம் எடுக்கத் தெரிந்தவர்தான் அவர். ஆனால் வரலாறும் புராணமும் கையில் வந்துவிட்டால் சிக்கனம் என்ற சொல்லையே மறந்துவிடுவார்.

லண்டன் போய் வந்த கட்டபொம்மன்

1959இல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் அதற்கு முதல் சாட்சி. சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி மேடையில் நடித்துவந்த நாடகம் அது. அதைத் திரைக்குக் கொண்டுவர ஜெய்ப்பூர் வரை சென்றது படக்குழு. கேவாகலர் பிலிமில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தின் பிரதிகள் லண்டனில் டெக்னிகலர் முறையில் தயாராயின. டெக்னிகலரில் வெளியான முதல் தமிழ்ப் படம் அது. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி சிறந்த நடிகராகத் தேர்வானார்.

இன்று டிஸ்க் பார்ப்பவருக்கு இந்த விவரம் முக்கியம். டெக்னிகலர் பிரதியில் சாயங்களை ஒவ்வொன்றாகப் பிலிம்மேல் பதிப்பார்கள். அந்தச் சாயம் எளிதில் மங்காது. நிறம் அடர்த்தியாக நிற்கும். ஆகவே கட்டபொம்மனின் உடையும் அரண்மனைத் திரைச்சீலையும் வெளுத்துப்போய்த் தெரிந்தால், பழைய படம் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்ல முடியாது. 1959இல் கொட்டகையில் உட்கார்ந்தவர்கள் பார்த்தது வெளுத்த படம் அல்ல.

1961இல் பந்துலு எடுத்த கப்பலோட்டிய தமிழன் கறுப்பு வெள்ளைப் படம். ம.பொ.சிவஞானம் எழுதிய வ.உ.சிதம்பரனாரின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டது. பெயர் கிடைத்த அளவிற்குப் பணம் கிடைக்கவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தின் தரம், கறுப்பிற்கும் வெள்ளைக்கும் நடுவில் எத்தனை சாம்பல் நிறங்கள் தெரிகின்றன என்பதில் இருக்கிறது. சிறைக் காட்சியில் இருட்டு வெறும் கறுப்புத் திட்டாக இல்லாமல், சுவரும் தரையும் மனிதரும் தனித்தனியே தெரிந்தால் அது நல்ல பிரதி.

குருக்ஷேத்திரத்தில் ஒரு போர்

அந்த நட்டம் பந்துலுவை அடக்கவில்லை. அடுத்துக் கர்ணனைக் கையில் எடுத்தார். போர்க்காட்சிகளைக் குருக்ஷேத்திரத்திலேயே எடுத்தார். அரசின் அனுமதியுடன் இராணுவ வீரர்களும் குதிரைகளும் களத்தில் இறங்கினர். கிருஷ்ணராக என்.டி.ராமராவ், குந்தியாக எம்.வி.ராஜம்மா, இசைக்கு விஸ்வநாதன் ராமமூர்த்தி, ஒளிப்பதிவுக்கு வி.ராமமூர்த்தி. மாளிகை, தேர், கவசம், நகை என்று பணம் தண்ணீராக ஓடியது.

1964 பொங்கலன்று படம் வெளியானது. அதே நாளில் எம்.ஜி.ஆரின் வேட்டைக்காரனும் வந்தது. கர்ணனுக்குப் புகழ் குவிந்தது. ஆனால் போட்ட பணத்திற்கு ஏற்ற வருமானம் வரவில்லை என்பதுதான் திரையுலகின் கணக்கு. கொடுத்துக் கொடுத்துச் சிவந்த கர்ணனின் கதையை எடுத்தவரும், கொடுத்த அளவிற்குத் திரும்பப் பெறவில்லை.

அவ்வளவு செலவும் எங்கே போனது? தேர்ச் சக்கரத்தின் செதுக்கலிலும் கவசத்தின் விளிம்பிலும் பட்டு நூலிலும் போனது. பிலிமில் அவை எல்லாம் பதிவாகியிருந்தன. விசிடியின் 352க்கு 288 புள்ளிகளில் அவற்றைக் காண வழியில்லை. டிவிடியின் 720க்கு 576 புள்ளிகளில் ஓரளவு தெரிந்தன. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட எச்.டி. வட்டில்தான் பந்துலு செலவழித்தது வீட்டிற்கு வரும் வாய்ப்பு கிடைத்தது.

வாய்ப்புத்தான், உறுதி அல்ல. பிலிமில் இயல்பாகவே நுண்மணிகள் உண்டு. படம் உருவாவதே அந்த மணிகளால்தான். அழுக்கு என்று நினைத்து அவற்றைக் கணினியில் வழித்தெடுத்தால், கூடவே பட்டு நூலும் போய்விடும். நடிகரின் நெற்றிச் சுருக்கமும் போய்விடும். மெழுகு முகம் என்று சொல்பவரின் குறை இதுதான். பொடிப்பொடியாகத் தெரிகிறது என்று வருந்துபவரோ பெரும்பாலும் நல்ல பிரதியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிரிவும் புதிய கூட்டணியும்

அதே 1964இல் இன்னொரு திருப்பம். பந்துலு இயக்கிய முரடன் முத்து, ஏ.பி.நாகராஜனின் நவராத்திரி ஆகிய இரண்டும் தீபாவளிக்கு ஒரே நாளில் வந்தன. சிவாஜியின் நூறாவது படம் என்ற பெருமை நவராத்திரிக்குப் போனது. அந்த மனவருத்தத்தில் பத்தாண்டுக் கூட்டணி முறிந்தது.

பந்துலு எம்.ஜி.ஆரிடம் சென்றார். கன்னடத்தில் சின்னத கொம்பே (1964) படத்தில் தாம் இயக்கிய இளம் நடிகை ஜெயலலிதாவைக் கதாநாயகியாக்கினார். 1965இல் ஆயிரத்தில் ஒருவன் வந்தது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் சேர்ந்து நடித்த முதல் படம் அது. கர்ணனில் இழந்த தெம்பு அந்தக் கடற்கொள்ளையர் கதையில் திரும்பியது. நாடோடி, ரகசிய போலீஸ் 115, தேடிவந்த மாப்பிள்ளை என்று கூட்டணி தொடர்ந்தது.

கர்ணனும் ஆயிரத்தில் ஒருவனும் ஈஸ்ட்மென்கலரில் எடுக்கப்பட்டவை. அந்தக் காலத்து ஈஸ்ட்மென்கலர் பிரதிகளுக்கு ஒரு நோய் உண்டு: நீலச்சாயம் முதலில் மங்கும், மிஞ்சுவது செந்நிறம். மங்கிய பிரதியிலிருந்து எடுத்த வட்டில் கடலும் வானமும் மண் நிறமாகிவிடும். கடலை வைத்தே கதை சொன்ன படத்திற்கு அதைவிடக் கேடு வேறில்லை.

கடைசி ஆண்டுகள்

தாய்மண்ணையும் பந்துலு மறக்கவில்லை. ஸ்கூல் மாஸ்டர், கித்தூர் சென்னம்மா ஆகியவற்றைக் கன்னடத்தில் எடுத்தார். 1970இல் ராஜ்குமாரை வைத்து ஸ்ரீ கிருஷ்ணதேவராயா எடுத்து, அதில் அமைச்சர் திம்மரசுவாகத் தாமே நடித்து, கர்நாடக அரசின் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார்.

1974ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி, 64 வயதில் காலமானார். கையில் இருந்த வேலை பாதியில் நின்றது. கன்னடப் படமான காலேஜ் ரங்காவை, அவரிடம் உதவியாளராக இருந்த புட்டண்ணா கனகல் முடித்தார். மதுரையை மீட்ட சுந்தரபாண்டியனை எம்.ஜி.ஆரே இயக்கி முடித்தார். தந்தையின் படப்பிடிப்புத் தளங்களைப் பார்த்து வளர்ந்த மகள் பி.ஆர்.விஜயலட்சுமி, 1985இல் சின்ன வீடு படத்தின் மூலம் ஒளிப்பதிவாளரானார்.

48 ஆண்டு கழித்து

கர்ணனின் நெகட்டிவ் காலப்போக்கில் சேதமடைந்தது. ஒலியும் பழுதானது. திவ்யா பிலிம்ஸ் சொக்கலிங்கம் அதை எடுத்துச் சீர்செய்ய ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின. 2012 மார்ச் 16ஆம் தேதி வெளியான கர்ணன், புதுப்படங்களுக்கு நடுவே நூறு நாளைத் தாண்டி ஓடியது. 2014இல் ஆயிரத்தில் ஒருவன் திரும்பி வந்து சென்னையில் வெள்ளிவிழா கண்டது. 2015இல் கட்டபொம்மனும் வந்தார். 1964இல் பந்துலுவிற்குக் கிடைக்காத கணக்கு, அவர் இல்லாத காலத்தில் நேரானது.

இந்தப் படங்களை வீட்டில் பார்ப்பவர் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. தமிழில் சினிமாஸ்கோப் வந்தது 1973இல், இராஜராஜ சோழன் மூலம். பந்துலுவின் இந்த மூன்று படங்களும் அதற்கு முந்தியவை. அவற்றின் சட்டகம் ஏறக்குறையச் சதுரமானது. இன்றைய அகலத் தொலைக்காட்சியை அவை முழுதாக நிரப்பினால், மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு படம் அப்படிப் போய்விடும். தலைப்பாகை பாதியில் நிற்பதற்குக் காரணம் அதுவே. இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் குறை சொல்ல வேண்டாம். பந்துலு எடுத்த படம் முழுதாக வந்திருக்கிறது என்பதன் அடையாளம் அது.

மஸ்ஜித் இந்தியாவிலோ கிள்ளானிலோ பழைய கர்ணன் ஒன்று கைக்குக் கிடைத்தால், பாட்டுக் காட்சிக்குத் தாவுமுன் இவற்றைப் பார்க்கலாம்: ஓரத்தில் கறுப்புப் பட்டை இருக்கிறதா, வானம் நீலமாக இருக்கிறதா, கவசத்தின் செதுக்கல் தெரிகிறதா, முகத்தில் தோல் தோலாக இருக்கிறதா. நான்கும் இருந்தால், கோலாரிலிருந்து வந்த அந்த மனிதர் கடன்பட்டு எடுத்த படம் அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது.