முதல் விமானத்துக்கு இன்ஜின் செய்த சைக்கிள் கடை மெக்கானிக்

ரைட் சகோதரர்களைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் 1903-ல் அவர்கள் பறக்கவிட்ட விமானத்தின் இன்ஜினைச் செய்தது யார்னு கேட்டால், பலரும் யோசிப்பார்கள். அவர் சார்லி டெய்லர். அமெரிக்காவின் டேட்டன் நகரில், சகோதரர்களின் சைக்கிள் கடையில் வாரம் 18 டாலர் சம்பளத்துக்கு 1901-ல் சேர்ந்தவர்.

விமானத்தின் சட்டம் மரம், இறக்கை துணி. அந்த வேலை சகோதரர்களுக்கு அத்துப்படி. மாட்டிக்கொண்டது இன்ஜினில்தான். கார் கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டுப் பார்த்தார்கள். எடை குறைவாகவும் சக்தி போதுமானதாகவும் எதுவும் அமையவில்லை. சரி, நாமே செஞ்சுடுவோம் என்று முடிவாகி, வேலை டெய்லரிடம் வந்தது. அதற்கு முன் அவர் கார் இன்ஜினில் கைவைத்தது ஒரே ஒரு ரிப்பேருக்காக!

முக்கியமான மெஷின்கள் இரண்டுதான்: ஒரு லேத், ஒரு டிரில். முறையான வரைபடம் இல்லை. துண்டுத் தாளில் போட்ட படத்தை மேஜைக்கு மேலே குத்தி வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்.

பெரிய சவால் கிராங்க்‌ஷாஃப்ட். பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு அது. கொஞ்சம் கோணினாலும் இன்ஜின் மொத்தமும் உதறும். டெய்லர் 45 கிலோ எஃகுப் பாளம் ஒன்றை எடுத்தார். சுமார் 4 செ.மீ. தடிமன், 79 செ.மீ. நீளம். அதன்மேல் தண்டின் வடிவத்தை வரைந்து, கோட்டை ஒட்டி வரிசையாகத் துளை போட்டார். பிறகு வேண்டாத பகுதியை உளியும் சுத்தியலும் கொண்டு தட்டி எடுத்தார். மிச்சத்தை லேத்தில் ஏற்றிக் கடைந்தார். கடைசியில் கையில் நின்றது சுமார் 8.6 கிலோ. முக்கால்வாசிக்கும் மேல் துண்டாகவும் தூளாகவும் போய்விட்டது.

இன்ஜினின் உடல் இரும்பில் இருந்தால் பாரம். அதனால் 8 சதவீதம் தாமிரம் கலந்த அலுமினியத்தில் உள்ளூர் ஃபவுண்ட்ரியில் வார்த்து வாங்கினார்கள். ஆறு வாரத்தில் இன்ஜின் தயார். பிப்ரவரி சோதனையில் பெட்ரோல் சொட்டி பேரிங் இறுகி, வார்ப்பே உடைந்தது. மறுபடி வார்த்தார்கள். முடிவில் கிடைத்தது சுமார் 80 கிலோ எடையில் 12 குதிரைசக்தி.

அதோடு தலைவலி தீரவில்லை. பறக்கும் இடமான கிட்டி ஹாக்கில், இன்ஜினின் உதறலில் செயின் பல்சக்கர நட்டுகள் கழன்றன. சைக்கிள் டயர் ஒட்டும் பசையைப் போட்டு இறுக்கினார்கள் (பஞ்சர் கடை சொல்யூஷன் மாதிரி). அடுத்து, புரொப்பெல்லரின் குழாய்த் தண்டில் விரிசல். ஆர்வில் டேட்டனுக்குத் திரும்பி, உள்ளீடற்ற குழாய்க்குப் பதில் திட எஃகில் தண்டு செய்து எடுத்துவந்தார். டிசம்பர் 17-ல் விமானம் எழும்பியது. முதல் பறத்தல் 12 விநாடி.

டெய்லரின் பிற்காலம் கஷ்டமானது. கலிஃபோர்னியாவில் நிலத்தில் போட்ட சேமிப்பு கரைந்தது. 1937-ல் ஹென்றி ஃபோர்டு பழைய ரைட் கடையைப் புதுப்பிக்க அவரை வேலைக்கு வைத்தார். ஆர்வில் தன் உயிலில் ஆண்டுக்கு 800 டாலர் எழுதிவைத்தார். விலைவாசி ஏற, அது பத்தவில்லை. 1955-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆஸ்பத்திரி தர்ம வார்டில் இருந்தவரை ஒரு பத்திரிகையாளர் கண்டு எழுத, விமானத் துறையினர் பணம் திரட்டி நல்ல இடத்துக்கு மாற்றினார்கள். 1956 ஜனவரி 30-ல் 87 வயதில் இறந்தார்.

அவர் பிறந்த மே 24, இப்போது அமெரிக்காவில் விமானப் பராமரிப்பு டெக்னீஷியன்கள் தினம்.