குரங்கைப் படைத்தவரும் கொன்றவரும்

உள்ளுறை உவமம் கற்பித்துக்கொண்டிருந்த ஒருநாள், மாணவனொருவன் எழுந்து, திரைப்படங்களிலும் உள்ளுறை உண்டோ என வினவினான். எனக்கு உடனே 'கிங் கொங்' நினைவில் எழுந்தது. எண்பதுகளில், வாடகைக்கு எடுத்த தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே அயலாருடன் நெருங்கியிருந்து அப்படத்தைக் கண்டவன் யான். அதனை ஆக்கிய மேரியன் கூப்பரின் வாழ்க்கையே அம்மாணவனுக்கு யான் கூறிய விடை.

கூப்பர் 1893ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற் பிறந்தார். ஆபிரிக்கக் காடுகளையும் ஆங்குள்ள பெருங்குரங்குகளையும் பற்றிய பயணநூலொன்று சிறுபருவத்திலேயே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. முதலாம் உலகப் போரில் விமானியாயினார். 1918இல் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டும் உயிர் பிழைத்துச் சிறைப்பட்டார். பின்னர்ப் போலந்து நாட்டுக்காகப் போர்செய்து மீண்டும் சிறைப்பட்டுத் தப்பியோடினார். போர் ஓய்ந்தபின் கையிலேந்தியது படக்கருவி. நண்பர் ஷோட்சாக்குடன் பாரசீக மலைகளிலும் சீயக் காடுகளிலும் திரிந்து படமெடுத்தார். சீயத்தில் எடுத்த படத்தின் பெயர் 'சாங்'. அந்நாட்டு மொழியில் அச்சொல் யானையைக் குறிக்கும்.

1933 மார்ச் 2ஆம் நாள் நியூயோர்க்கில் 'கிங் கொங்' வெளிவந்தது. ஏறத்தாழ ஒன்றரை அடி உயரமுள்ள பாவையைச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம்பிடித்து, மலையன்ன குரங்காகக் காட்டியவர் வில்லிஸ் ஓபிரையன் என்னும் கலைஞர்.

கதையோ எளிது. டென்ஹாம் என்னும் படமெடுப்போன், சுமாத்திராவுக்கு மேற்கே, நமது இந்துமாகடலில் உள்ளதாகப் புனையப்பட்ட தீவொன்றுக்குச் செல்கின்றான். படமெடுக்கச் சென்றவன், குரங்கைக் கண்டபின் அதனையே கவர்ந்துவரத் துணிகின்றான். மயக்கும் புகையால் வீழ்த்திச் சங்கிலியிற் பிணித்து, நியூயோர்க் அரங்கிலே கட்டணம் வாங்கிக் காட்டுகின்றான். பிணிப்பை அறுத்த விலங்கு நகரைச் சிதைத்து, வானளாவிய மாளிகையின் உச்சியில் ஏறி, விமானங்கள் சுட வீழ்ந்து மடிகின்றது.

அவ்விமானங்களுள் ஒன்றில் இருந்து சுடுவோராக நடித்தவர் எவர்? கூப்பரும் ஷோட்சாக்குமே! டென்ஹாமும் கூப்பரின் சாயலிலே படைக்கப்பட்டவன். காட்டு விலங்குகளைக் காட்சிப்பொருளாக்கிய ஒருவர், தம் சாயலிலேயே பேராசைக்காரனைப் படைத்து, தாமே அவ்விலங்கைக் கொல்லவும் வந்து நின்றார். ஆயினும், படத்தில் மறைபொருள் யாதுமில்லை என்றே அவர் கூறிவந்தார். டென்ஹாமாக நடித்த ரொபேட் ஆம்ஸ்ரோங் 1973 ஏப்ரல் 20இல் இறந்தார். மறுநாளே கூப்பரும் மறைந்தார்.

ஆக்கியோன் மறுத்தாலும் ஆக்கத்தில் உள்ளுறை உண்டு என்பதே என் துணிபு. அக்குரங்கு கொல்லா விலங்கன்று. ஆனால், பொருள் திரட்டக் கொன்றதில்லை. யாழ்ப்பாணத்தார்க்கு இது விளங்காத செய்தியுமன்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வன்னிக் காட்டு யானைகள் பிணிக்கப்பட்டு, ஆனையிறவைக் கடந்து, ஊர்காவற்றுறையிற் கப்பலேற்றி விற்கப்பட்டன. ஊரின் பெயரில் மட்டும் ஆனை எஞ்சியது.

அரக்கன் டென்ஹாம்தானே என்றான் மாணவன். ஆம் எனத் தலையசைத்தேன். ஆயினும், கட்டணம் செலுத்தி அவ்வரங்கில் நெருங்கியிருந்தோர் எவர்? அன்று குரங்கு எப்போது வரும், எப்போது வரும் எனக் காத்திருந்த சிறுவனும் அவருள் ஒருவனே என்பதை அவனுக்கு யான் சொல்லவில்லை.