சிந்தாமணியைத் தேடிச் சமணர் வீதிக்கு

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் எனப் பல நூல்களைக் கற்றுத் தேர்ந்தவர் உ. வே. சாமிநாதையர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டே அவ்வூர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டோ என வினவினார். இல்லை என்றே சொல்ல நேர்ந்தது.

முதலியார் பிரதி தந்தார். நச்சினார்க்கினியர் உரையும் கிடைத்தது. ஆயினும் சைவச் சூழலில் பயின்றவர்க்குச் சமண சமயக் கருத்துகள் விளங்கவில்லை. ஏடு விடை கூறாத இடத்தில் மனிதரை நாடினார். அவ்வூரிலேயே சமணர் வாழ்ந்த வீதிக்குச் சென்றார். அங்கே சிந்தாமணி பக்தியோடு படிக்கப்பெறுவது கண்டு வியந்தார். சந்திரநாத செட்டியார் அவர்தம் ஐயங்களைத் தீர்த்தார். பிற சமயத்தவராயினும் அவர் காட்டிய ஈடுபாடு கண்டு, பவ்விய ஜீவன் என அச்சமணர் அவரை மதித்தனர்.

பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கி 1887-இல் சிந்தாமணியை அச்சேற்றினார். தொடர்ந்து பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை ஆகியன வெளிவந்தன. பண்டைத் தமிழர் வரலாற்றை எழுதுவோர்க்கு அவை முதன்மைச் சான்றுகளாயின. 1942-இல் அவர் மறைந்தார். அவர் திரட்டிய சுவடிகள் சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயர்கொண்ட நூல்நிலையத்தில் உள்ளன.

ஏட்டைக் காத்தலோடு அதன் பொருளுரைக்க வல்லாரும் நம் இல்லங்களில் இருந்தமையால் சிந்தாமணி மீண்டது. அம்மரபு நம்மோடு நின்றுவிடலாகாது.