பதவிக்குப் பிறகு என்ன? அறிஞர் சித்தி லெப்பை வாழ்ந்து காட்டிய விடை

பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாட்களில் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் கண்டியிலும் எமது வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பிள்ளை டொக்டராவாரா, எஞ்சினியராவாரா, சட்டத்தரணியாவாரா? இந்தக் கேள்வியில் தவறில்லை. ஆனால் அந்த இடத்தை அடைந்த பின்னர் வாழ்க்கையை எதற்காகச் செலவிடப் போகிறாய் என்று நாம் பிள்ளைகளிடம் கேட்பது குறைவு. நல்ல தொழிலும் வீடும் வாகனமும் இருந்தும் மனம் நிறையவில்லை என்று சொல்லும் பலரை இன்று காண்கிறோம். அந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையாலேயே விடை சொன்ன ஒருவர் எமது கண்டி மண்ணில் பிறந்திருக்கிறார். அவர்தான் அறிஞர் சித்தி லெப்பை.

முஹம்மது காசிம் சித்தி லெப்பை 1838 ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தார். தந்தையாரும் சட்டத்துறையில் இருந்தவர். அரபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளைக் கற்றுத் தேர்ந்த மகன், 1862இல் சட்டத்தரணியானார். பின்னர் கண்டி மாநகர சபையில் உறுப்பினராகவும், கண்டியில் நீதிவானாகவும் பணியாற்றினார். அக்காலத்து முஸ்லிம் ஒருவர் எட்டக்கூடிய உச்சம் என்றே இதைச் சொல்லலாம்.

அது மலைநாடு முழுவதும் பணம் புரண்ட காலம். கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்தன. 1869இல் இலை நோய் தலைகாட்டி, சில வருடங்களில் கோப்பியை அழித்தது. எமது பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. செல்வம் ஒரு தலைமுறைக்குள் வந்து ஒரு தலைமுறைக்குள் போவதைக் கண்டி மக்கள் கண்ணால் கண்டார்கள். சட்டத்தரணிக்கு மட்டும் எக்காலத்திலும் வேலை இருந்தது. சித்தி லெப்பை விரும்பியிருந்தால் அந்தப் பாதையிலேயே நிம்மதியாக வாழ்ந்து முடித்திருக்கலாம்.

அவரை அமைதியாக இருக்கவிடாதது சமூகத்தின் நிலை. அன்று ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை கிறிஸ்தவ மிஷனரிகளின் கையில் இருந்தன. பிள்ளைகளை அங்கே அனுப்பினால் ஈமான் போய்விடும் என்று எமது முன்னோர் அஞ்சினார்கள். அந்த அச்சம் காரணமில்லாதது அல்ல. ஆனால் அதன் விளைவாகக் குர்ஆன் மத்ரஸாவோடு படிப்பை நிறுத்திக் கடைக்கும் வியாபாரத்துக்கும் போகும் தலைமுறைகள் உருவாகின. அரச அலுவலகங்களிலும் சபைகளிலும் எமக்காகப் பேச ஆளில்லை.

இதே சிக்கலை யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவப் பாடசாலைகளைக் கொண்டு எதிர்கொண்டார். 1880இல் இலங்கை வந்த கேர்ணல் ஒல்கொட் பௌத்தர்களுக்குப் பாடசாலை இயக்கத்தைத் தொடங்கிக் கொடுத்தார். இந்தியாவில் சேர் செய்யித் அஹ்மத் கான் 1875இல் அலிகாரில் பாடசாலையைத் தொடங்கியிருந்தார். இலங்கை முஸ்லிம்களிடம் அப்படி எதுவும் இருக்கவில்லை. மார்க்கத்தைக் கைவிடாமல் நவீன கல்வியையும் தரும் சொந்தப் பாடசாலை வேண்டும் என்பதில் சித்தி லெப்பை உறுதியாக இருந்தார்.

முதலில் மக்களின் மனதை மாற்ற வேண்டியிருந்தது. அதற்காக 1882 டிசம்பர் 21ஆம் திகதி 'முஸ்லிம் நேசன்' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். கல்வியைப் பற்றியும், வீண் செலவைப் பற்றியும், உலக முஸ்லிம்களின் நிலையைப் பற்றியும் வாரந்தோறும் எழுதினார். சில நாட்களில், 1883 ஜனவரியில், எகிப்திய விடுதலைத் தலைவர் அராபி பாஷா நாடு கடத்தப்பட்டு இலங்கை வந்தார். அவருடைய நட்பு சித்தி லெப்பையின் முயற்சிக்குப் பலம் சேர்த்தது. 1885இல் எகிப்தையும் இந்தியாவையும் களமாகக் கொண்டு 'அசன்பே சரித்திரம்' எழுதினார். தமிழில் எழுந்த ஆரம்ப கால நாவல்களுள் ஒன்று அது.

நன்றாக நடந்த தொழிலை ஒதுக்கிவைத்து, 1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் ஒரு பாடசாலையைத் திறந்தார். எதிர்பார்த்த ஆதரவு கிடைக்கவில்லை. அந்த முயற்சி தளர்ந்தது. ஊரிலே மதிப்பான பதவி வகித்த ஒருவருக்கு இது எத்தகைய தலைகுனிவு என்று எண்ணிப் பாருங்கள். பலர் இந்த இடத்திலேயே சமூகத்தைத் திட்டிவிட்டுப் பழைய தொழிலுக்குத் திரும்பிவிடுவார்கள்.

அவர் திரும்பவில்லை. எட்டு வருடங்களின் பின், 1892இல், மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி அல்மத்ரஸதுஸ் ஸாஹிரா உதயமானது. அராபி பாஷாவும், கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்காரும் அதில் தோள் கொடுத்தார்கள். இன்றைய ஸாஹிராக் கல்லூரி அதுதான். பெண் கல்வியை நினைத்துப் பார்க்கவே தயங்கிய காலத்தில் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கும் பாடசாலை தொடங்கினார். அங்கே கற்பிக்கத் தன் சகோதரியையே முன்னிறுத்தினார். ஊருக்குச் சொன்னதை முதலில் தன் குடும்பத்தில் செய்ததால் அவர் பேச்சுக்கு மதிப்பிருந்தது.

இறுதிக் காலத்தில் அவர் மனம் ஆன்மிகத்தில் ஆழ்ந்தது. தஸவ்வுப் பற்றிய 'அஸ்றாறுல் ஆலம்' நூல் 1897இல் வெளிவந்தது. 1898 பெப்ரவரி 5ஆம் திகதி, அறுபது வயதை எட்டுமுன்னரே அவர் காலமானார். அப்போது ஸாஹிராவுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. பின்னாளில் அங்கிருந்து வெளிவந்த அறிஞர்களையோ அரசியல் தலைவர்களையோ அவர் காணவில்லை. 1977இல் அரசாங்கம் அவர் நினைவாக முத்திரை வெளியிட்டதும், கண்டியில் ஒரு பாடசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்பதும் அவர் அறியாதவை.

அப்படியானால் அவர் வாழ்க்கை நிறைவானதா? ஊதியத்தால் அளந்தால் இழப்புத்தான். ஆனால் தான் சரியென்று நம்பியதற்கும் தன் அன்றாட உழைப்புக்கும் இடையில் அவர் இடைவெளி வைக்கவில்லை. பலனைக் கண்ணால் காண வேண்டும் என்ற நிபந்தனையும் போடவில்லை. மன நிறைவு என்று நாம் தேடுவது அங்கேதான் இருக்கிறது.

எல்லோரும் தொழிலை விட வேண்டும் என்பதில்லை. எமது தோட்டப்புறப் பாடசாலைகளில் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் உதவி தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். படித்து உத்தியோகம் பார்க்கும் ஒருவர் வாரத்தில் இரண்டு மணித்தியாலத்தை அவர்களுக்குக் கொடுக்கலாம். வசதியுள்ளவர் ஒரு பிள்ளையின் உயர்தரப் படிப்பைப் பொறுப்பேற்கலாம். ஒரு முறை ஆதரவு கிடைக்காவிட்டால் மறுமுறையும் முயலலாம்.

பெறுபேறு வந்ததும் பிள்ளையிடம் என்ன ஆகப் போகிறாய் என்று கேளுங்கள். ஆகி என்ன செய்யப் போகிறாய் என்றும் கேளுங்கள். வல்ல அல்லாஹ் அன்னாரின் பணிகளை ஏற்றுக்கொள்வானாக.