அண்ணன் திறந்த கதவு

குத்துச்சண்டைன்னா நமக்கு முகமது அலி, டைசன் பெயர்தான் ஞாபகம் வரும். எனக்கு ராண்டால்ஃப் டர்பின்தான் முதலில் வருவார்.

இங்கிலாந்தில் லெமிங்டன் என்ற ஊரில் 1928-இல் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்த கறுப்பர். முதல் உலகப் போரில் விஷவாயுவால் பாதிக்கப்பட்ட அவர், மகனுக்கு ஒரு வயது ஆவதற்குள் இறந்துவிட்டார். கண்பார்வை குறைந்த அம்மாதான் ஐந்து பிள்ளைகளையும் வளர்த்தார்.

அப்பா, அம்மா இருவரும் வெள்ளையராக இருந்தால்தான் பிரிட்டிஷ் பட்டத்துக்கு மோதலாம் என்று அங்கே ஒரு விதி. 1948-இல் அது நீங்கியது. அதே ஆண்டு பர்மிங்காமில் அண்ணன் டிக் பட்டத்தை வென்றார். விதி நீங்கியபின் பட்டம் வென்ற முதல் கறுப்பர் அவர்தான்.

அண்ணன் திறந்த கதவு வழியாத்தான் தம்பி போனார். 1951 ஜூலை 10, லண்டன். எதிரே அமெரிக்காவின் சுகர் ரே ராபின்சன். நூற்றுக்கும் மேற்பட்ட சண்டைகளில் ஒரே ஒரு முறை தோற்றவர். 15 சுற்று முடிந்ததும் டர்பின் உலக மிடில்வெயிட் சாம்பியன்!

ஆனால் 64 நாள்தான். செப்டம்பர் 12-இல் நியூயார்க்கில் பத்தாவது சுற்றில் பட்டம் பறிபோனது. சம்பாதித்த பணமும் நிற்கல. பழைய இரும்புக் கிடங்கில் வேலை பார்த்தார், 1962-இல் திவால், 1966-இல் 37 வயதிலேயே வாழ்க்கை முடிந்தது. 2001-இல் வார்விக்கில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

என் அண்ணன் எட்டாவதோடு நிறுத்திட்டு லேத் பட்டறைக்குப் போனார். அதனாலதான் எங்க வீட்டில் முதல் ஆளா நான் டிப்ளமோ படிக்கிறேன். ஜெயிச்ச தம்பிக்கு ஊர் சிலை வைக்கும். கதவைத் திறந்த அண்ணனை நாமதான் மறக்கக் கூடாது.